ரிஜெக்ட் ஆன தேயும் கறுப்புச் சீனியும்

இப்போது எங்கள் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணிக் கடைத்தொகுதிகளில் 'பிரவுன் சுகர் மில்க் டீ' என்று போர்டு போட்டு விற்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். போன மாதம் எங்கள் மாதா கோயில் இளையோர் குழுப் பிள்ளைகள் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். "ஆன்ட்டி, இது ஜப்பான் ஸ்டைல் லா. நீங்க குடிச்சிருக்கவே மாட்டீங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எண்பதுகளில் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலை கேண்டீனில், ஒரு ஷிப்ட் முழுக்கக் குடிக்கும் அளவுக்கு இதே டீயை, எங்கள் பேச்சில் தேயை, பெரிய பானையில் போட்டு இறக்கியவள் நான். சொன்னேன், பிள்ளைகள் நம்பவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் பெயர் செசிலி. கேண்டீனில் எல்லாருக்கும் செசிலி அக்கா.

1. கவுண்டர் என் கைக்கு வந்தது

நான் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினேன். எழுபதுகளின் கடைசியில் முட்டி தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தோட்டத்து முச்சந்தியில் ஒரு மேசையைப் போட்டுத் தே விற்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் கைப்பக்குவம் வெளியே தெரிந்தது. பீடோங்கிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். தற்பெருமை பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான்.

பிறகு ஜப்பான்காரர்கள் எங்கள் பக்கம் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். ரேடியோவுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் செய்வார்கள். தோட்டத்துப் பெண்களும் கம்போங், அதாவது கிராமத்து, மலாய்ப் பெண்களும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அங்கே கேண்டீனில் தண்ணி கலக்கும் கவுண்டரை எனக்குக் கொடுத்தார்கள். தண்ணி என்றால் எங்கள் ஊரில் தே, கோப்பி, மைலோ எல்லாம் சேர்த்தி. என் நாத்தனார் ஞானம் கிளாஸ் கழுவவும் ஐஸ் உடைக்கவும் கூட வந்தாள். அவள் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

அந்தக் கவுண்டரில் நான் ராணி. யாரும் எனக்கு ஆர்டர் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் ஆள் வருவதைப் பார்த்தே கை கலக்க ஆரம்பித்துவிடும். சுப்பர்வைசர் அஸிசாவுக்குப் பால் தூக்கலாக வேண்டும். பஸ் டிரைவருக்குத் தேயிலைச் சாயம் கறுக்க வேண்டும். ஸ்டோர்கீப்பர் வேலு அண்ணனுக்கு இனிப்புநீர் வியாதி, அவருக்குத் தே-ஓ கோசோங், அதாவது பாலும் இல்லை சீனியும் இல்லை. பாதிப் பெண்கள் கூராங் மானிஸ், சீனி குறைவு. மீதிப் பாதி, சீனியை அள்ளிப் போட்டாலும் இன்னும் கொஞ்சம் என்கிற கட்சி.

புது ஆள் வந்தால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்படி வேண்டும் என்று கேட்கமாட்டேன். கேட்டால் எல்லாரும் 'எப்படியாவது போடுங்க' என்றுதான் சொல்வார்கள். அதனால் முதல் நாள் இனிப்பைக் கூட்டுவேன். மறுநாள் சாயத்தைக் கூட்டுவேன், அதற்கு அடுத்த நாள் பாலை. ஒவ்வொரு நாளும் முகத்தைப் பார்ப்பேன். முதல் மிடறு இறங்கும்போது புருவம் பேசிவிடும். ஒரு வாரத்தில் அவர் நாக்கு என் கைக்குப் பழகிவிடும். அதன்பிறகு அவர் வேலையை விட்டுப் போகிறவரை அதே தேதான். தோட்டத்து முச்சந்தியில் அப்படித்தான் ஆள் பிடித்தேன். கேண்டீனிலும் அப்படியே செய்தேன்.

2. ரிஜெக்ட்

மோரி சான் ஜப்பானிலிருந்து புதிதாக வந்த கியூசி தலைவர். 'சான்' என்பது அவர்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. கியூசி என்றால் செய்த பாகங்களைச் சோதித்து, ஆகாததை ஒதுக்கும் பிரிவு. ஒதுக்கிப் போட்டதற்கு ரிஜெக்ட் என்று பெயர். ஆள் ஒல்லி, வெள்ளைச் சட்டை, நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். வந்த முதல் வாரம் தினமும் பத்து மணி பிரேக்கில் என் கவுண்டரில் வந்து நின்றார். நானும் வழக்கப்படி தினமும் ஒரு மாதிரி போட்டுக் கொடுத்தேன். புருவத்தைப் பார்த்தேன். அந்த மனிதரின் புருவம் அசையவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மிடறு குடித்தார். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். மீதித் தேயை சிங்க்கில் ஊற்றினார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரிஜெக்ட்" என்றார்.

கேண்டீன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தேயை ஒருவர் கீழே ஊற்றியது வாழ்நாளில் அன்றுதான். காது இரண்டும் சூடாகிவிட்டது எனக்கு.

"அண்ணி, அந்தாளுக்கு நாக்குச் செத்துப்போச்சு. நீங்க விடுங்க" என்றாள் ஞானம்.

நான் எப்படி விடுவேன்?

அடுத்த திங்கட்கிழமை, ஆட்கள் விஷயம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் என்சிக் ஹாஷிம் வந்தார், என்சிக் என்றால் மலாயில் திரு. நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்லும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார். அன்று நிறையக் கனைத்தார். அவருக்கு நான் காக், மலாயில் அக்கா.

"காக் செசிலி, ஜப்பான்ல இருந்து தண்ணி மெஷின் ஒண்ணு வருது. காசு போட்டா தே, கோப்பி தானா ஊத்தும். மோரி சான்தான் எழுதிக் கேட்டிருக்கார். கவுண்டரை மூடிடலாம்னு பேச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். அவர் ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடாது. நான் திரும்ப மரம் சீவத்தான் போக வேண்டும், அதற்கு இந்த முட்டி ஒத்துக்கொள்ளாது. அதைவிட ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போதுதான் என்னை நானே ஒரு ஆளாக நினைத்தேன். அதை ஒரு இரும்புப் பெட்டிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

3. சாமா

அன்றே கியூசி அறைக்குப் போய்விட்டேன். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மோரி சான் பேசுவது வருமுன்னே கற்றுக்கொண்ட பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், நடுவில் கொஞ்சம் ஆங்கிலம். நானும் அதே ரகம்தான். எங்கள் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். சாமா. ஒரே மாதிரி என்று அர்த்தம்.

"நான் உங்களுக்கு அஞ்சு நாள் தே போட்டேன். அஞ்சும் நல்ல தே. எது ரிஜெக்ட்?" என்றேன்.

"அஞ்சும் நல்ல தே" என்றார் அவர். "ஆனால் சாமா இல்லை. திங்கட்கிழமை இனிப்பு. செவ்வாய்க்கிழமை கசப்பு. ஒருநாள் பால். நாளைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் லைனில் இப்படி வந்தால் நல்லதும் ரிஜெக்ட்தான்."

புது ஆளின் நாக்கைக் கண்டுபிடிக்கத்தான் மாற்றி மாற்றிப் போட்டேன் என்று விளக்கினேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டார். பிறகு, "கேட்டிருக்கலாமே?" என்றார்.

எங்கள் ஊரில் அப்படிக் கேட்டுப் போடுவது தெரியாதவள் செய்கிற வேலை என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது?

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். படிக்கிற காலத்தில் அவரும் ஒரு தேக்கடையில் வேலை பார்த்தவராம். கடைக்காரர் ஜப்பானின் தெற்குத் தீவுகளில் இருந்து வந்தவர். அங்கே கரும்பு விளையும், அதைக் காய்ச்சிக் கறுப்புச் சீனி செய்வார்கள். அந்தச் சீனி போட்ட பால் தே ஒன்றைத் தவிர அந்தக் கடையில் வேறு எதுவும் பிரபலமில்லை. மழை பெய்தாலும் பனி பெய்தாலும் ஒவ்வொரு கப்பும் சாமா. அதற்காகவே ஆட்கள் ரயில் ஏறி வருவார்களாம். சொல்லும்போது அந்த அசையாத புருவம் கொஞ்சம் மேலே போனது.

"இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? எப்படின்னு சொல்லுங்க. நான் போடுறேன்" என்றேன்.

"ஒரு கப் இல்லை. ஒரு ஷிப்டுக்கு. எல்லாம் சாமா."

"போட்டா மெஷின் வேணாம்னு சொல்லுவீங்களா?"

அடுத்த மாதம் தலைமையகத்து டைரக்டர் வருகிறார், மெஷினை எங்கே வைப்பது என்று அவர்தான் முடிவு செய்வார், அன்று காலை பிரேக்குக்கு இந்தத் தேயைக் கொடு, சாமாவாக இருந்தால் நானே அவரிடம் பேசுகிறேன் என்றார்.

4. நுரை இல்லாத தே

மறுநாள் வேலை முடிந்ததும் மோரி சான் கேண்டீனுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். கையில் ஒரு பை. அதில் கறுப்புக் கட்டிகள். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நம்ம வெல்லத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் இன்னும் கறுப்பு, கொஞ்சம் உப்புக் கரித்தது.

அவர் முறை இப்படி. கொஞ்சமாகத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தேயிலையைப் போட வேண்டும். இலை விரிந்ததும் பசும்பால். டின்பால் கூடவே கூடாது. தீயைக் குறைத்து, பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கிளம்பும்போதே அணைத்துவிட வேண்டும், பொங்க விடக்கூடாது. மூடி வைத்து, வடிகட்டி, கடைசியில் கறுப்புச் சீனி. தூக்கி ஆற்றக்கூடாது, நுரை கூடாது.

நுரை கூடாதாம்! நுரை இல்லாத தேயை எங்கள் தோட்டத்தில் வட்டிக்காரனுக்குக்கூடக் கொடுக்கமாட்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

மறுநாள் நானே தனியாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது மருந்து" என்றார். என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஞானம்தான் கண்டுபிடித்தாள். கறுப்புச் சீனியைக் கண்டதும் என் கை தன்பாட்டுக்குச் சுக்கையும் ஏலக்காயையும் தட்டிப் போட்டிருக்கிறது! எங்கள் வீடுகளில் அது இல்லாமல் இது இல்லை. போட்டதே எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து சுக்கு டப்பாவை ஞானம் ஒளித்து வைத்தாள்.

பிறகு ஒருநாள் சரியாக வந்தது. நானும் குடித்துப் பார்த்தேன். பொங்கல் பானையின் அடியில் லேசாகப் பிடித்த வெல்லத்தின் வாசம். பால் நாக்கில் கனத்து இறங்கியது. நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. அவர் முன்னால் அதைச் சொல்ல மனம் வராமல், "பரவாயில்ல" என்றேன்.

5. பால் திரிந்தது

மோரி சான் கொண்டுவந்த சீனி பழகிப் பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு ஷிப்டுக்கு எங்கே போவது? பீடோங் காலைச் சந்தையில் மாக் சோம் என்ற மலாய் அம்மா நிசான் விற்பார். தென்னம்பாளையில் இறக்கிய நீரைக் காய்ச்சிச் செய்யும் கறுப்புச் சீனிக்குக் கெடாவில் அதுதான் பெயர். வாங்கிப் போட்டேன். மோரி சான் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "கிட்டத்தட்ட சாமா" என்றார். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அதே பானை, அதே அளவு, அதே தீ. நிசானைப் போட்டுக் கலக்கினேன். பால் திரிந்து, வெள்ளைத் துணுக்குகளும் மஞ்சள் தண்ணீருமாகப் பிரிந்துவிட்டது. மறுநாள் போட்டேன், நன்றாக வந்தது. அடுத்த நாள் மறுபடியும் திரிந்தது. வரப்போவது ஒரு ஷிப்ட் ஆட்களும் ஒரு டைரக்டரும். அன்று எந்த நாளாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"கண்ணு பட்டிருக்கு அண்ணி" என்றாள் ஞானம். கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து அடுப்பைச் சுற்றித் தெளித்தாள். பானைக்குள்ளும் நாலு சொட்டு விட்டாள். சரியாக அந்த நேரம் மோரி சான் உள்ளே வந்தார்.

"அது என்ன? முறையில் இல்லையே?" என்று போத்தலைக் காட்டினார்.

நான் என்ன சொல்வது? "கோயில் தண்ணி" என்றேன். அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு ஞானத்திடம் திருப்பிக் கொடுத்து, "போடுவதானால் தினமும் நாலு சொட்டு. சாமா" என்றார்.

அந்தக் கவலையிலும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தண்ணீர் தெளித்தும் பால் திரிந்தது. பாலைத் தனியாகக் காய்ச்சிப் பார்த்தேன், திரியவில்லை. தேயிலை சேர்த்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. அப்படியானால் நிசான்தான். கட்டிகளை ஒவ்வொன்றாக விண்டு வாயில் போட்டேன். ஒன்று வெறும் இனிப்பு. இன்னொன்று இனித்து முடித்ததும் அடிநாக்கில் லேசாகப் புளித்தது.

மாக் சோமிடம் கேட்டேன். "மழைக்காலம் லா செசிலி. பாளை நீர் சட்டென்று புளித்துவிடும், என்ன செய்ய?" என்றார்.

மழை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பால்மரம் சீவிய வேலைக்காடு கண்ணுக்கு முன்னால் வந்தது. மரம் சீவுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. தூறல் நாளில் ரப்பர் பால் வாளியிலேயே புளித்துக் கட்டிவிடும். கட்டிவிட்டால் மதிப்புப் போய்விடும். அதனால் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் அமோனியா வைத்திருப்போம். வாளியில் கொஞ்சம் விட்டால் புளிப்பு அடங்கும், ஸ்டோர் போய்ச் சேரும்வரை பால் பாலாகவே இருக்கும். எத்தனையோ வருடம் செய்த வேலை. கேண்டீன் அடுப்பு முன்னால் அது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது!

"ஞானம், புளிப்பைத்தான் அடக்கணும். அமோனியா மாதிரி ஒண்ணு வேணும்" என்று கத்தினேன்.

"ஐயோ அண்ணி! தேயில அமோனியாவா? ஆளைக் கொல்லப் போறீங்களா?" என்று அவள் பானையை இழுத்து மறைத்தாள்.

அமோனியாவை யார் ஊற்றப் போகிறார்கள்? ஆப்பச் சோடா இருக்கிறதே. நிசானைத் தனியாகப் பாகு காய்ச்சி அதில் சோடாவைப் போட்டேன், புஸ்ஸென்று நுரைத்து அடங்கியது. பாலில் ஊற்றினேன். திரியவில்லை! ஆனால் தே செக்கச் சிவந்து, குடித்தால் சவர்க்காரத் தண்ணீர் மாதிரி இருந்தது. சோடா அதிகமாகிவிட்டது. குறைத்தால் திரிகிறது, கூட்டினால் சவர்க்காரம். கட்டிக்குக் கட்டி புளிப்பு வேறு. எவ்வளவு போடுவது என்று எப்படிச் சொல்வது?

மோரி சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, மழை, அமோனியா என்று கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. லேபுக்கு ஓடினார். உண்மையாகவே ஓடினார், அந்த மனிதர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. புளிப்பு இருந்தால் ஒரு நிறம், அடங்கினால் வேறு நிறம் காட்டும் காகிதக் கீற்றுகளைக் கொண்டுவந்தார். பாகில் கீற்றை முக்கி, சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, மறுபடியும் முக்கினோம். பால் திரியாமல் நல்ல தே வந்தபோது பாகு காட்டிய நிறத்தைக் குறித்து அந்தக் கீற்றைச் சுவரில் ஒட்டி வைத்தோம். இனி எந்தக் கட்டி வந்தாலும் பாகு அந்த நிறத்துக்கு வந்த பிறகுதான் பாலுக்குப் போகும்.

"இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்!" என்று மோரி சான் மேசையைத் தட்டினார். தொழிற்சாலைக்குள் வரும் சாமானைச் சோதிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். பாதி வேலை அவருடையது, பாதி என்னுடையது. அவரும் அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார்.

6. டைரக்டர் வந்த காலை

முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் வந்து சேர்ந்த நிசான் அதுவரை வந்ததிலேயே மோசமான புளிப்பு. மோரி சான் டைரக்டரை வரவேற்கப் போய்விட்டார். ஞானம் கீற்றைப் பிடிக்க, நான் சிட்டிகை போட்டேன். நிறம் மாற மாட்டேன் என்று அடம் பிடித்தது. பொறுமையாகப் போட்டேன். சுவரில் இருந்த நிறம் ஒருவழியாக வந்தது.

பெரிய பானைப் பாலில் பாகை ஊற்றினேன். கலக்கினேன். ஞானம் கண்ணை மூடி வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டாள். கரண்டியில் மொண்டு பின்புறத்தைப் பார்த்தேன். வழவழவென்று மண் நிறத்தில் வழிந்தது. ஒரு துணுக்கு இல்லை.

பிரேக் மணி அடித்தது. வரிசை கட்டினார்கள். அஸிசாவுக்கும் அதே தே, பஸ் டிரைவருக்கும் அதே தே. "என்னக்கா, எனக்குக் கூராங் மானிஸ் இல்லையா?" என்று கேட்டவர்களிடம், "இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டுக் குடிங்க" என்றேன். குடித்துவிட்டு வாயைத் திறந்தார்கள். "அக்கா, இது என்னக்கா?" என்று திரும்ப வரிசைக்கு வந்த பெண்களை ஞானம் விரட்டினாள். டைரக்டரும் மோரி சானும் என்சிக் ஹாஷிமும் கவுண்டர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வரிசையில் வேலு அண்ணன் வந்தார்.

என் கை நின்றது. அவருக்கு இந்தத் தே ஆகாது. அவருக்கும் தெரியும், என் கவுண்டர் போகப்போவதும் தெரியும். குரலைத் தாழ்த்தி, "குடுத்துடு செசிலி. ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. அவங்க பாக்கிறாங்க" என்றார்.

எல்லாம் சாமாவாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. கப்பை நீட்டினால் தீர்ந்தது. ஆனால் முந்தின மாதம்தான் அவர் கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். நீட்ட முடியவில்லை என்னால். பக்கத்தில் இருந்த சாயத்தில் வெந்நீர் விட்டு ஒரு கோசோங் கலந்து அவர் கையில் கொடுத்தேன். எல்லார் முன்னாலும்தான் கொடுத்தேன். மறைத்துக் கொடுக்க எனக்குத் தெரியாது.

டைரக்டர் ஏதோ கேட்டார். மோரி சான் முகம் இறுகியது. "செசிலி சான், அது ஏன் சாமா இல்லை?" என்றார்.

எனக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை. "அவருக்கு இனிப்புநீர். உங்க தே நல்ல தேதான். ஆனா இந்த ஆளுக்கு அது ரிஜெக்ட்" என்றேன்.

மோரி சான் ஜப்பானிய மொழியில் சொன்னார். டைரக்டர் வேலு அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடியும் ஏதோ கேட்டார்.

"இந்த மாதிரி எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும் என்று கேட்கிறார்" என்றார் மோரி சான்.

"இங்க நிக்கிற எல்லாரையும் தெரியும்" என்றேன்.

டைரக்டர் ஆரம்பத்தில் வாங்கிய பெண் ஒருத்தியின் கப்பையும், கடைசியில் வாங்கியவளின் கப்பையும் கேட்டு வாங்கினார். இரண்டிலிருந்தும் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். மோரி சானிடமும் கொடுத்தார். மோரி சான் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாமா" என்றார், கேண்டீனுக்கே கேட்கும்படி.

7. தனித் தே

மெஷின் வந்தது. அதை மாடியில், விருந்தாளிகள் உட்காரும் அறையில் வைத்தார்கள். என் கவுண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. என்சிக் ஹாஷிம் ஒரு தடவைகூடக் கனைக்காமல் அந்தச் சேதியைச் சொன்னார். ஞானம் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பானையைக் கழுவப் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாருக்கும் கறுப்புச் சீனித் தே என்று வழக்கமாகிவிட்டது. பாடாங் செராயிலிருந்து வந்த பெண்கள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். அதன்பிறகு அந்தத் தொழிற்சாலை இருந்தவரை ஒரு நாள்கூட என் பானையில் பால் திரிந்ததில்லை. இதை நெஞ்சை நிமிர்த்தித்தான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி போடப் பழகிக்கொள்ளுங்கள். அது பெரிய வேலை, நான் மட்டமாக நினைத்த அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் மோரி சான். அது கைக்கு வந்தபிறகு, யாருக்கு மாற்றிப் போட வேண்டுமோ அவருக்கு மாற்றிப் போடுங்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் போடுங்கள்.

டைரக்டர் ஊருக்குப் போன மறுவாரம், பத்து மணி பிரேக்கில் மோரி சான் கவுண்டருக்கு வந்தார். எப்படி வேண்டும் என்று அவரே சொல்லட்டும் என்று கிளாஸைத் தொடாமல் நின்றேன். அவரும் நின்றார். பிறகு இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கு மட்டும்... கொஞ்சம் கூராங் மானிஸ். சாயம் கொஞ்சம் கூட."

நான் கிளாஸை எடுத்தேன். கேண்டீன் மூலைவரை கேட்கும்படி குரல் கொடுத்தேன்.

"ஞானம்! மோரி சானுக்குத் தனித் தே ஒண்ணு!"